பால் நேரமும் அரைப் பேரும்

செப்டெம்பர் 9, செவ்வாய்

மன்னிக்கணும், இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். தனு இப்போதுதான் கண் அசந்தாள். ஏழு மாதப் பிள்ளைக்கு எங்கிருந்து இவ்வளவு கோபமோ. உங்க வீட்டுப் பக்கம்தான்.

இந்த நோட்டில் இடது பக்கம் நான், வலது பக்கம் லீவில் வரும்போது நீங்க. அதுதான் பேச்சு. சித்திரையில் வந்து போனதற்குப் பிறகு வலது பக்கமெல்லாம் வெள்ளை. நான் எலெக்ஷனில் நின்றது, வென்றது, பிரதேச சபைக்குப் போனது எதற்கும் உங்க கையெழுத்தில் ஒரு வரி இல்லை. கொழும்பு ஹார்ட்வெயார் கடையில் லீவு தரமாட்டார்கள். தெரியும். தெரிந்தாலும்.

காற்று. மழை கிடையாது. பைப்பில் தண்ணீர் நூல் மாதிரி. மலையில் தேயிலைக் கொழுந்து இல்லை, உங்க அம்மாவுக்கு நேற்றும் இன்றும் அரைப் பேர் சம்பளம்தான்.

சபைக்கு மேலேயிருந்து கடிதம். உறுப்பினர்களுக்கான மாதக் கொடுப்பனவை எப்படி நிர்ணயிப்பது என்று ஒவ்வொரு சபையும் யோசனை அனுப்பணுமாம். தவிசாளர் தலைமைக் கதிரையிலிருந்து என் பக்கம் திரும்பி, "டிகிரி முடிச்ச தங்கச்சி எழுதட்டுமே" என்றார். எழுதிவிட்டேன்:

1. தொகையைக் கூட்ட வேண்டும்.
2. தூரத் தோட்டங்களிலிருந்து வருபவருக்கு பஸ் செலவு தனியாக.
3. கூட்டத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை இருந்தவருக்கு முழுத் தொகை. நடுவில் எழும்பிப் போனவருக்குப் பாதி.

மூன்றாவதை ராஜு அண்ணனை நினைத்து எழுதினேன். பக்கத்துத் தோட்டத்து உறுப்பினர். கையெழுத்துப் போட்டதும் எதிர்க்கடையில் வடையோடு உட்கார்ந்துவிடுவார். முடியும் நேரம் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். எழுதி முடித்தபோது எனக்கே சந்தோஷம். மலையில் வெயிலில் நிற்கிறவளுக்கு அரைப் பேர் போடலாம், இவர்களுக்குக் கூடாதா?

வாங்க: சவர்க்காரம், மெழுகுதிரி, தனுவுக்கு மூக்குச் சொட்டு.

செப்டெம்பர் 10, புதன்

காற்று அப்படியே. தனுவுக்கு மூக்கடைப்பு, நெஞ்சில் இரைச்சல்.

சிக்னலுக்காகத் தண்ணித் தாங்கி மேட்டுக்கு ஏறியிருந்தபோது சபைச் செயலாளர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி வந்து மூன்று மாதம்.

"பிள்ளை, விளக்கத்தில அரைப் பேர் எண்டு எழுதியிருக்கிறீர். உது என்ன?"

"தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு ஒரு பேருங்க சார். சொன்ன கிலோ எடுக்காட்டி, இல்ல பாதியில எறங்கிட்டா, அரைப் பேரு. அர நாள் சம்பளம்."

"அப்ப எனக்கும் சில நாளிலை அரைப் பேர்தான் போட வேணும்."

சிரித்தார். இன்று என்னோடு பேசிய பெரிய ஆள் அவர் ஒருவர்தான். மாமி மலையிலிருந்து வந்த களைப்பில் ஏழு மணிக்கே படுத்துவிட்டார்.

செப்டெம்பர் 11, வியாழன். சபைக் கூட்டம்

எப்படி எழுதுவது.

காலையில் தனுவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்ள எடுக்கமாட்டார்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமே. மாமி வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றால் அரைப் பேரும் போய்விடும். தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சுத்தி வளைத்து வருவதற்குள் இரண்டு தடவை கக்கினாள். ஒன்று என் சேலையில்.

கூட்டம் தொடங்கி அரை மணித்தியாலம் மடியில் கிடந்தாள். பிறகு வீல் என்று ஒரே சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். எழும்பினேன். பால் கொடுக்க அங்கே இடம் எது? பக்கத்து வாசிகசாலையில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு ஐயா பேப்பர் தாளைத் திருப்புகிற சத்தம். அவரும் பாவம், என் பக்கம் வராமலிருக்க ஒரே தாளைத் திருப்பிக்கொண்டேயிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது மூன்று யோசனைக்கும் கை தூக்கி முடிந்துவிட்டது. பதினெட்டாம் திகதி விசேட கூட்டத்தில் உறுதிப்படுத்துவார்கள்.

ராஜு அண்ணன் இன்றைக்கென்று கடைக்குப் போகவில்லை. கதிரையில் சப்பணம் போட்டிருந்தார்.

"தங்கச்சி, மூணாவதுக்கு நான் ரெண்டு கையயும் தூக்குனேன். ஒங்க சட்டப்படி மொத அரைப் பேரு யாருக்குனு பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தவிசாளரும். குமாரி அக்கா சிரிக்கவில்லை. எதிர்க்கட்சி, சிங்கள ஆள், என்னைத் தவிர சபையில் இருக்கும் ஒரே பெண். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் கூடச் சுட்டது.

செப்டெம்பர் 12, வெள்ளி

காய்ச்சல் இறங்கியது. கடவுளே.

தண்ணித் தாங்கிக்கு ஏறி சிக்னல் பிடித்தேன். நேற்று பஸ்ஸிலிருந்து அனுப்பியதற்கு உங்க வொய்ஸ் மெசேஜ். நான்கு தடவை கேட்டேன். "மாசத்துல ஒரு நா கூட்டத்துக்குப் புள்ளைய அல்லாட வுட்டுட்டு என்னா பதவி? அவங்க குடுக்குறது பஸ்ஸுக்கே பத்தாது. எழுதிக் குடுத்துட்டு வந்துரு." பின்னால் லொறியில் கம்பி இறக்குகிற சத்தம். யாரோ உங்களைக் கத்திக் கூப்பிடுகிறார்கள். "ஹா, வாறேன்" என்கிறீர்கள். எனக்கில்லை.

என் காய்ச்சல் எப்படி என்று கேட்கவில்லையே. இல்லை, காய்ச்சல் தனுவுக்கு. என்ன எழுதுகிறேன்.

இராஜினாமாக் கடிதம் மூன்று வரி எழுதிப் பார்த்தேன். தவிசாளர் அவர்களுக்கு, சொந்தக் காரணங்களினால். மடித்து அரிசி வாளி மேல் வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 13, சனி

பத்து மணிபோல் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுமதி மலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தாள். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவளுடைய மகன் தனுவை விட ஒரு மாதம் சின்னவன், பிள்ளைக் காம்பராவில் இருக்கிறான். கொழுந்துக்கூடை இல்லை, இடுப்பில் படங்குச் சாக்கு மட்டும்.

"என்னடி, வேல முடிஞ்சிருச்சா?"

"கதைக்க நேரமில்ல. பால் நேரம்."

"பேரு?"

நின்றுவிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேருக்கென்னா? பால் குடுக்கப் போறவளுக்குப் பேர வெட்டுனா கங்காணிய சும்மா வுட்டுருவோமா? காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. ஒனக்குத் தெரியாது? தோட்டத்துலதானே பொறந்த, மெம்பரம்மா?"

ஓடிவிட்டாள்.

தெரியாமல் இல்லை. என்னையும் அம்மா அப்படித்தான் வளர்த்திருப்பார். மலையில் வேலை செய்யும் எல்லாத் தாய்மாருக்கும் உள்ளது, இருந்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஹொஸ்டல், கெம்பஸ், பதுளை டவுன். அரைப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு பால் நேரத்தைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். யாரும் எனக்குச் செய்யவில்லை. நானே வெட்டிய பேர்.

இரவு ஒரு வரி எழுதினேன்: "கைக்குழந்தைக்குப் பாலூட்டச் செல்லும் நேரம், சமுகமளித்த நேரமாகவே கொள்ளப்படும்."

மூன்றாவது யோசனையை எடுக்கமாட்டேன். அது சரிதான். அதன் கீழே இந்த ஒரு வரி.

செப்டெம்பர் 16, செவ்வாய்

ஒன்றும் இல்லை. காற்று. மாமி இன்று முழுப் பேர் எடுத்தார், அதற்காக ஒரு முட்டை அவித்தோம், மூன்றாகப் பிரித்து. தனு மஞ்சள் கருவைத் துப்பினாள்.

உங்களிடமிருந்தும் ஒன்றும் இல்லை.

செப்டெம்பர் 18, வியாழன். விசேட கூட்டம்

தனு சுகம். பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போனேன். போகும் வழியெல்லாம் பால் கட்டி நெஞ்சு வலி.

எழும்பி அந்த ஒரு வரியை வாசித்தேன்.

ராஜு அண்ணன்: "அப்ப நாங்க வெத்தல போடப் போற நேரமும் சேருமா?"

"ஒங்களுக்கு வெத்தல நேரத்துல புள்ள அழுதா சேரும் அண்ணே."

சிரிப்பு. இந்த முறை அவரைப் பார்த்து. அந்த அரை நிமிடம் நன்றாக இருந்தது.

தவிசாளர் கேட்டார்: "வழிமொழியிறது யாரு?"

ஒருவரும் இல்லை. என் கட்சிக்காரர்கள் நான்கு பேர் கூரையைப் பார்த்தார்கள். திரும்பவும் கேட்டார். குமாரி அக்கா பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "வழிமொழிய ஆளில்லாதபடியால் விடப்படுகிறது." செயலாளர் எழுதினார். அவர் தலை நிமிரவில்லை.

மற்ற மூன்றும் உறுதியாகிவிட்டன. ரவிக்கை முழுக்க நனைந்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கடைசி வரை இருந்தேன். முழுப் பேர்.

பஸ் நிலையத்தில் யாரோ கையைப் பிடித்தார்கள். குமாரி அக்கா.

"நங்கி, தங்கச்சி, கோவமா? எங்களுக்கு மேல சொல்லியிருக்கு, மத்த கட்சி ஆள் கொண்டாந்தா கை தூக்க வேணாம்ணு. இங்க பாருங்க. யோசனைக் கடிதம் ஒக்தோபர் கடைசிலதான் போறது. அடுத்த கூட்டத்துல நான் கொண்டார்றேன். நீங்க வழிமொழிங்க. நான் கொண்டாந்தா எங்க கட்சி ஆளுங்க கை தூக்கத்தானே வேணும்?"

பிறகு மெதுவாக: "என்ட மூத்தவன் சின்னதுல நான் டீச்சர். பாத்ரூம்ல நின்னு பால் பீச்சி ஊத்தினது."

பஸ் வந்துவிட்டது. இறங்கியதும் நேரே பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். தனு என்னைக் கண்டதும் அழவில்லை, கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது உங்களுக்கு. அரிசி வாளி மேலிருந்த கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். விட்டுவரச் சொன்னீர்கள், நான் விடவில்லை. அடுத்த கூட்டம் ஒக்தோபர் 16, வியாழன். அன்றைக்கு நான் அங்கே இருந்து வழிமொழியாவிட்டால் அந்த வரி திரும்பவும் விழுந்துவிடும். தனுவுக்கு இந்தக் காற்றில் எப்போது இரைக்குமென்று சொல்ல முடியாது. மாமியை நிற்கச் சொல்ல எனக்கு வாய் வராது. தீபாவளிக்கு எப்படியும் வருகிறீர்கள்தானே. நாலு நாள் முந்தி வந்தால் போதும். கூட்டம் நடக்கையில் வாசிகசாலை வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நில்லுங்கள், பால் நேரத்துக்கு நான் வந்துவிடுவேன்.

காலையில் தாங்கிக்கு ஏறி இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். வலது பக்கம் நிரம்ப லீவு வரைக்கும் காத்திருக்க முடியாது. முதலாளியிடம் கேட்டுவிட்டு, முடியும், முடியாது என்று மட்டும் சொல்லுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.