முத்திரை அணியாத கைகள்

ஆட்சியாண்டு ஒன்பது, ஆவணித் திங்கள் பதினேழாம் நாள், உப்புத்துறை. சென்ற ஓலையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. அது எழுதியவன் பிழை. அதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

ஆழிமுக நாடு முழுவதையும் தம் குடைக்கீழ் காப்பவரும், பகைவர் கலங்களைக் கழிமுகத்திலேயே திருப்பியனுப்பியவருமான வெண்மாட நகரத்துக் கோப்பெருந்தேவி நீலமாதேவியார் திருமுன், உப்புத்துறையில் ஓலை எழுதும் நன்னியன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியார் நலம் பெறுக. இளவரசி நன்முகையாரின் காய்ச்சல் இதற்குள் தணிந்திருக்குமாயின், மேலே படிக்காமல் இதை எரித்துவிடலாம்.

பத்தாம் நாள் சென்ற ஓலையில், கிறிஸ்துவின் சபை மூப்பர் அனனியா, உப்பளக் கூலியாள் வெள்ளச்சியின் தலைமேல் கை வைத்து இயேசுவின் பெயரால் வேண்டினார் என்றும், அவள் காய்ச்சல் இறங்கி, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள் என்றும் நன்னியன் எழுதியிருந்தான். கண்டதையே எழுதினான். ஆனால் ஓலையை எழுதியது காலையில். குதிரை புறப்பட்டது மாலையில். இடையே நண்பகலில் வெள்ளச்சி இறந்துபோனாள். மாலைதோறும் துறைப் பள்ளியில் எழுத்துப் பயில்கிறவன் அவன். முடித்த ஓலையின் ஓரத்தில் ஒரு வரியை இடுக்கினால் பார்வைக்கு நன்றாயிராதே என்று தயங்கினான். தயங்கியபடியே கட்டி அனுப்பிவிட்டான்.

அந்த ஓலையை நம்பித்தான் தேவியார் மூப்பரை அழைத்திருக்கிறார். முத்திரை மோதிரத்தையும் அனுப்பியிருக்கிறார். அரச குடும்பத்தாரின் உடலைத் தொடுகிறவர் அந்த மோதிரத்தை அணிந்தே தொட வேண்டும், அணியாமல் தொட்ட கை மணிக்கட்டோடு வெட்டப்படும் என்பது நாட்டின் பழைய சட்டம். அதைப் படித்துக் காட்டவே இன்று முற்பகலில் நன்னியன் சபையாரிடம் போனான். அவரவர் சொன்னதை அவரவர் வாய்ச்சொல்லாகவே எழுத வேண்டும் என்பது தேவியார் ஆணையாதலால், அப்படியே எழுதப்படுகிறது.

சபையார் மீன் உலர்த்தும் கொட்டகை ஒன்றை நோயாளிகளுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். பதினொரு பேர் பாயில் கிடந்தனர். மூப்பர் ஒரு கிழவரின் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தார். நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சும் கைம்பெண் யோவன்னாள் அடுப்படியில் இருந்தாள். நன்னியன் ஆணையைப் படித்து முடித்து மோதிரத்தை நீட்டினான். மூப்பர் வாங்கவில்லை.

“வர்றேன் தம்பி. மோதிரம் வேண்டாம்.”

நன்னியன் சட்டத்தை மறுபடியும் படித்தான்.

“கேட்டேன். அதைப் போட்டுக்கிட்டுத் தொட்டா, யார் பேரால தொட்டேன்னு அந்தப் புள்ள நினைக்கும்? அரண்மனை பேரால. எனக்கு அதிகாரம் குடுத்தவர் வேற ஆளு. அவர் மோதிரம் எதுவும் குடுக்கல.”

யோவன்னாள் அகப்பையோடு வந்து நின்றாள். “மோதிரம்தானே அண்ணே! மாட்டினா விரல் அழுகிடுமா? தொட்டுட்டு வெளிய வந்து கழட்டிக் கடல்ல போடு.”

“நாளைக்கு இங்க கிடக்கிறவங்க கேப்பாங்களே யோவன்னா. அரண்மனைக்கு மோதிரத்தோட, எங்களுக்கு வெறுங்கையான்னு.”

“ஆமா, கேக்கத்தான் இவங்களுக்குத் தெம்பு இருக்கு! கையில்லாத மூப்பருக்குச் சோறு யாரு ஊட்டுறது?”

“நீதான். உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடு.”

அவள் சிரிக்கவில்லை. பாயில் கிடந்த கிழவர் சிரித்து, இருமி, அடங்கினார்.

இளவரசியார் பிழைப்பாரா என்று நன்னியன் கேட்டான்.

“தெரியாது. இந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்து பதினாலு பேருக்குக் கை வச்சேன். அஞ்சு பேர் எழுந்தாங்க. மத்த ஒம்போது பேருக்கும் குழி வெட்ட நானும் போனேன். வெள்ளச்சி குழி ஈரமண்ணு, சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதெல்லாம் தேவியாருக்குத் தெரிஞ்சுதானே கூப்பிடுறாங்க?”

நன்னியன், விட்டுப்போன வரியைப் பற்றிச் சொன்னான். மூப்பர் கையைத் துடைத்துக்கொண்டு, கிழவரின் மேல் துணியை இழுத்துப் போர்த்தினார். கோபித்திருந்தால் அவனுக்கு எளிதாயிருந்திருக்கும். அவன் குரலைத் தாழ்த்தி, படகு பழுது என்று எழுதிவிடுவதாகவும், அவர் வர வேண்டாம் என்றும் சொன்னான். இந்தக் குற்றத்தையும் மறைக்காமல் எழுதுகிறான்.

“ஒரு வரி விட்டது போதும் தம்பி. ஒரு புள்ள நோவோட கிடக்குது, தாய் கூப்பிடுறா. தொடுறதுக்கு எனக்கு அதிகாரம் உண்டு. போகாம இருக்கிறதுக்கு இல்ல.”

“போ, போ,” என்றாள் யோவன்னாள். “நீ போகாம இருப்பேன்னு நான் எப்ப நினைச்சேன்?” அதன்பின் அவள் அடுப்படிக்குத் திரும்பவில்லை, துணிப்பெட்டி இருந்த மூலைக்குப் போனாள்.

தேவியாரே, மூப்பர் குணமாக்குவார் என்று அவரும் சொல்லவில்லை, நன்னியனும் இனிச் சொல்ல மாட்டான். ஆனால் அவர் அரண்மனைக்கு வந்து இளவரசியாரைக் கண்டால் தொடுவார், வெறுங்கையால் தொடுவார், வாள் உருவி நின்றாலும் தொடுவார். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேவியார் செய்ய வேண்டும். இந்த ஒருவர் அளவில் சட்டத்தை நீக்கினோம் என்று, அவர் தொடுமுன், காவலர் கேட்கத் தம் வாயால் சொல்ல வேண்டும். அல்லது கோட்டை வாயிலிலேயே அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவராகத் திரும்ப மாட்டார். இவ்விரண்டும் இயலாதென்றால், பிழையான ஓலையை எழுதிய கையும் அதே படகில் வருகிறது. இப்படிக் கேட்பது முறைதானா என்று நன்னியனுக்குத் தெரியவில்லை. கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பது தெரிகிறது.

அலை கரையைத் தொடும் நாளெல்லாம் தேவியார் கொடி பறக்கட்டும். மகளார் கண் விழிக்கட்டும். உப்புத்துறை இலச்சினை இவ்வோலையின் கீழ் அரக்கில் பொறிக்கப்பட்டது. குதிரைவீரன் இரவு தங்காமல் இதைக் கொண்டு சேர்க்க வேண்டும். இதன் படியைக் காணும் கழிக் காவலர் எவரும் படகை நிறுத்தலாகாது.

நாளைப் பணி: விடியலில் மூப்பர், யோவன்னாள், நன்னியன் மூவரும் படகேறி, அந்திக்குள் மேற்கு வாயில் சேர வேண்டும். மோதிரத்தை நன்னியன் தன் மடியில் கொண்டுவந்து தேவியாரிடம் ஒப்படைப்பான். யோவன்னாள் பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து, கொதிநீரில் அலசி, இரண்டு மணிக்கட்டுக்கும் போதுமான கட்டுகளாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். அவை உலர்ந்ததும் புறப்பாடு.