மாமாவைத் திருப்பி அனுப்பியவர்களின் படிப்பு

டீட்டிகோன், சுவிஸ்,
ஆனி 2014.

அன்பு மகள் தக்ஷிகாவுக்கு,

நானும் அப்பாவும் குறையில்லாமல் எழும்பி நடமாடித் திரிகிறோம், நீயும் மருமகனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை. உன் படம் வந்து சேர்ந்தது. கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாகச் சான்றிதழோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாய். ஹோம்லாண்ட் செக்கியூரிட்டியாம், நாட்டுப் பாதுகாப்பாம். இங்கே பாடனில் காப்புறுதிக் கந்தோரில் மதிப்பாக வேலை செய்தவள், கலியாணம் முடித்து டெக்சாஸ் போய், ஒரு கம்யூனிட்டி கொலிஜில் கண்டுபிடித்த படிப்பு இது. அப்படி என்னதான் படிப்பிக்கிறார்கள் என்று கேட்டேன். பயணிகளின் முகத்தைப் பார்த்தே ஆபத்தானவனைக் கண்டுபிடிக்கவாம். வேர்க்கிறவன், கண்ணைப் பார்த்துக் கதைக்காதவன், ஒரே பதிலையே திரும்பத் திரும்பச் சொல்கிறவன். எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் துவக்கோடு நின்ற ஆமிக்காரனுக்கும் இவ்வளவும் தெரியும், அவன் இதற்கென்று கொலிஜுக்குப் போகவில்லை. அப்பாதான் விளங்காமல் பெருமைப்பட்டு, ஓர்லிகோன் தமிழ்க்கடை வரைக்கும் சொல்லித் திரிந்தார்.

என் தம்பி குகதாசன், உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த மாமா, நீ பட்டம் வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் கெஞ்சி ஃபேரியன் லீவு எடுத்துப் புதுக் கோட்டும் வாங்கிக்கொண்டு அங்கே வந்தான். சுவிஸ் சிவப்புப் பாஸ்போட் இருக்கிறது, இனி ஆருக்குப் பயம் என்று சிரித்துக்கொண்டு போனவன். உங்கள் விமான நிலையத்தில் கையிலிருந்த ஷெல் தழும்பைக் கண்டதும் தனி அறைக்குள் கூட்டிப்போய் எந்த இயக்கத்தில் இருந்தாய் என்று கேட்டார்களாம். ஷெல் விழுந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றானாம். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் அதையே சொன்னான். உண்மைக்கு வேறு என்ன பதில் இருக்கிறது. வேர்த்துக் கொட்டியவனை அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பூங்கொத்தோடு வெளியில் நின்ற நீ, போன் எடுத்து எனக்கு என்ன சொன்னாய். அவையள் தங்கட வேலையைத்தான் செய்யினம் அம்மா, மாமா பதட்டப்படாமல் கதைச்சிருக்கலாம் என்றாய். அடுத்த நாள் மேடையிலும் ஏறினாய். இங்கே வந்து இறங்கியவன் கோட்டைக் கழற்றாமல் சோபாவில் இருந்தான், சோறு வேண்டாம் என்றுவிட்டான். அன்றைக்குப் பிறகு அப்பா உன் படிப்பைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது அதே விமான நிலையத்தில் வேலைக்கு நேர்முகம் என்கிறாய். போ, சீருடையும் வோக்கிடோக்கியும் உனக்கு வடிவாகத்தான் இருக்கும். பயந்துபோய் நிற்கிற மனிதரைப் பிடித்துக்கொடுத்துச் சம்பளம் எடுப்பதை ஒரு தொழில் என்று நான் மட்டும் மதிக்கமாட்டேன். படித்துப் பெற்ற அறிவு இதுதான் என்றால், நீ படிக்காமலே இருந்திருக்கலாம்.

உன்னை ஏசவேண்டாம் என்று மாமா என்னைத் தடுக்கிறான். அவள் சின்னப்பிள்ளை அக்கா, நான் இன்னொருக்காப் போவன், அவளே அந்த மேசையில இருந்தா என்னை உள்ள விடுவாள்தானே என்று நேற்றுக் கேட்டான். என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. நீயே போன் எடுத்து அவனுக்குப் பதில் சொல்லு.

தைரொயிட் குளிசையை வெறும் வயிற்றில் போட மறக்காதே. நீயும் மருமகனும் நல்லாயிருக்க வேண்டும், அதில் ஒரு மாற்றமும் இல்லை.

உன்னைப் பெற்ற
அம்மா இராஜேஸ்வரி