தகரம் அடித்த ஜன்னல்

12 ஜூன் 2004, சனி. புளத்கொகுபிட்டிய.
விடாத மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை.

நான் தமிழ் படிப்பித்த காலத்தில் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது ஞாபகம்: "சார், கதையில மழை பேஞ்சா வெறும் மழைன்னு வச்சுக்கக் கூடாதா?" கூடாது என்று சொல்லி, பாலம் என்றால் பிரிவு, இருட்டு என்றால் பயம் என்று உதாரணம் அடுக்கினேன்.

நனைந்த பார்சலோடு சிங்களத் தபால்காரர். "துவகே பொதத, மாஸ்டர்?" மகளுடைய புத்தகம்தான் என்றேன். மாலாவின் முதல் நாவல். தோட்டத்துப் பெண் ஒருத்தி வளர்ந்து கொழும்புக்குப் போகிற கதை. என் மனைவி சரசு சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்தாள். அவளுக்குக் கண் மங்கல். நான்தான் வாசிக்க வேண்டும்.

முதல் பக்கம்: "எங்கள் வீட்டுக்கு ஒரே ஜன்னல். அம்மா அதில் தகரம் அடித்துவிட்டாள். பிறகு எங்களுக்குப் பகல் வரவில்லை."

தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் பழைய லயத்து வீடு அது. அதற்குமேல் வாசிக்கவில்லை.

13, ஞாயிறு
தூறல். வாங்க: உப்பு, மண்ணெண்ணெய், பிரஷர் மாத்திரை.
சரசு சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் அவள அடைச்சு வச்சேன்னு எழுதியிருக்காளா?"
"அது சும்மா கதை, சரசு."
"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜன்னலுக்கும் கதவுக்கும் அர்த்தம் சொன்னீங்க. எனக்கு மட்டும் சும்மா கதையாங்க?"



ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டில் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. புகை பட்டால் குழந்தை மாலாவுக்கு மூச்சு இழுப்பு. அதற்காகத்தான் தகரம். அவளிடம் யாரும் சொன்னதில்லை.
அவளுக்குக் கடிதம் போடலாமா? வேண்டாம். முதலில் முழுதும் வாசிப்போம்.

15, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது.

கடைசி அத்தியாயம். கொழும்பில் வாடகை அறை. பெரிய ஜன்னல், தெரு வெளிச்சம், தூக்கமில்லை. ஒரு நாள் அந்தப் பெண் ஜன்னலில் போர்வையைக் கட்டுகிறாள். "இருட்டு வந்தது. கூடவே அம்மாவும் வந்தாள். தூங்கிப்போனேன்."

அதே இருட்டுத்தான். பரீட்சையில் ஒரு பிள்ளை பயம் என்று மட்டும் எழுதியிருந்தால் நானே பாதிப் புள்ளிதான் போட்டிருப்பேன்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள் சரசு. வாசித்தேன். பிறகு, "போர்வை எங்க நிக்கும்? காத்துக்குப் பறந்துரும். ஒரு தகரம் குடுத்தனுப்புவமா?" சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

மழையைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை இன்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: கதை முடிந்ததும் புத்தகத்தை மூடாதே. முதல் பக்கத்துக்குத் திரும்பி, அந்த வீட்டுக்குள் இன்னொரு தடவை போய்ப் பார்.