துப்புக்கெட்ட துபாஷி

மச்சான்,

துபாஷியின் அங்கி இப்போது என் தோளில் கிடக்கிறது. அத்தரும் வெற்றிலையும் கலந்த அந்தாளின் நெடி இன்னும் போகவில்லை. அங்கியின் கை எனக்கு ஒரு சாண் அதிக நீளம். மடித்துவிட்டுக்கொண்டு, கோட்டைக் காகிதத்தில் கோட்டை மசியைத் தொட்டு உனக்கு எழுதுகிறேன். நேற்று மதியம் அந்தாளை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். கோட்டைக்குள்ளேயே இருந்துகொண்டு கோட்டை விட்டவர் அவர் ஒருவர்தான். இதற்கு நீ சிரித்திருப்பாய்.

நம் ஊர் பசியாவரத்திலிருந்து நாம் இருவரும் இந்தக் கோட்டைக்கு வேலை கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒல்லாந்துத் துரை கேட்பதைத் துபாஷி தமிழில் சொல்வார். நம் பதிலைத் துரையின் பாஷையில் சொல்வார். நீந்தத் தெரியுமா என்று கேட்டதற்கு நீ, "பொறந்தப்பவே நைனா என்ன ஏரியிலதான் போட்டாரு சாமி. நடக்கக் கத்துக்கத்தான் நாளாச்சி" என்றாய். துபாஷி அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"நாம மீனக் குடுத்தா இந்தாளு துரைக்கு முள்ளக் குடுக்குறான்டா" என்று என் காதில் கிசுகிசுத்தாய்.

வடக்கே தெலுங்குச் சீமையிலிருந்து வந்தவர். நம் கரைத் தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கும். துப்புக்கெட்ட துபாஷி என்று நான் பெயர் வைத்தேன். நீ அதைத் துடுப்புப் போடும் தாளத்துக்குப் பாட்டாக்கினாய்.

பிறகு அந்த ஐப்பசி. முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் காத்திருந்தது. படகில் துணிப்பொதி ஏற்றியாகிவிட்டது. நீ மட்டும் ஏறவில்லை.

"வாடை திரும்பிடுச்சி. இன்னிக்கி முகத்துவாரம் தாண்டக் கூடாது" என்றாய்.

நமக்கு வாடை என்றால் வடக்கத்திக் காற்று. துரையின் காதுக்குப் போனபோது அது நாற்றமாகியிருந்தது. ஏதோ நாறுகிறது என்பதற்காக நீ வேலைக்கு மறுப்பதாக நினைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துச் சிரித்தார். ஏறு என்று கையைக் காட்டினார். ஏறினோம். முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டது. நான் கரையில் கண் விழித்தேன். மறுநாள் நண்டு பிடிக்க இறங்கிய பெண்கள்தான் உன்னைக் கண்டார்கள்.

அதோடும் விடவில்லை. படகு எப்படிக் கவிழ்ந்தது என்று துரை கேட்டபோது, நீ குடித்திருந்ததாகத் துபாஷி சொல்லிவிட்டார். கள் வாசம் பட்டாலே தும்முகிற நீ! குடிகாரனைப் பெற்றவன் வேண்டாம் என்று உன் நைனாவையும் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். வலை முடிகிற இடத்தில்கூட அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோட்டை இருக்கும் ஊருக்குப் பெயர் பழவேற்காடு. எனக்குள் அது பழிவேர்க்காடாக வளர்ந்தது.

எட்டு மாதம் கப்பல்காரர்களிடம் ஒட்டிக்கொண்டு அவர்கள் பாஷையைக் கற்றேன். முதலில் வசவு, அப்புறம் வணக்கம். நேற்று மறுபடியும் படகுக்கு ஆள் எடுத்தார்கள். ஒன்றும் தெரியாதவன்போல வரிசையில் நின்றேன். முன்பு என்ன வேலை செய்தாய் என்று கேள்வி வந்தது.

"போன ஐப்பசியில கவுந்த படகுல இருந்தேன். செத்தவன் குடிக்கல. காத்து சரியில்லன்னுதான் சொன்னான். அத அப்டியே துரைகிட்ட சொல்லுங்க சாமி."

துபாஷி என்னை ஒரு பார்வை பார்த்தார். துரையிடம் திரும்பி, "நன்றாகத் துடுப்புப் போடுவானாம்" என்றார், அவர்கள் பாஷையில்.

"நான் சொன்னது அதுவல்ல, துரையே" என்றேன். அதே பாஷையில்.

எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்ற மற்ற படகாட்களைத் துரை விசாரித்தார். அவர்களும் நீ குடிக்கவில்லை என்றார்கள். துபாஷியின் அங்கியை அங்கேயே கழற்றி என் தோளில் போட்டார்கள். அந்தாள் இரு கையாலும் மார்பை மூடிக்கொண்டதை, கருவாட்டை மெல்லுவதுபோல நிதானமாக மென்று ரசித்தேன். எட்டு மாதப் பசி, மச்சான்.

இன்று காலை நைனாவைத் திரும்பவும் படகுக்கு அழைத்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள பேரக் காப்பாத்திட்டடா" என்று அழுதார். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை, நானே சுமந்துகொள்வேன். உனக்குத்தான் தெரியுமே.

நேற்று வாசலுக்கு இழுத்துப் போகும்போது துபாஷி திரும்பி நின்று கத்தினார்: "குடிச்சான்னு சொன்னது நாந்தான்டா, ஒத்துக்கறேன். ஆனா வாடைன்னா ஏமிரான்னு அன்னிக்கி உன்னத்தானே கேட்டேன்? மூக்கப் பிடிச்சிக் காட்டினது யாருடா?"

நான்தான். உன் அக்குளைக் காட்டி, மூக்கைப் பிடித்தேன். சும்மா விளையாட்டுக்கு. நீயும்கூடச் சிரித்தாய்.

"என்ன சொல்கிறான்?" என்று துரை என்னைக் கேட்டார்.

"மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.