இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவள்

13 பிப்ரவரி 1978
செல்லியம்மாள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் வளர்த்த ஆட்டை அவளைக் கேட்காமல் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டானாம் புருஷன் கோபால்சாமி. இந்த மலைக்கு நர்சாக வந்த நாளிலிருந்து எனக்குச் சொந்தம் என்றால் இவர்கள் இருவர்தான். நான் பேசாமல் யார் பேசுவது?

14 பிப்ரவரி
அவளிடம், "உன் பக்கம்தான் நியாயம்" என்றேன். அவள் அம்மா களி போட்டாள். தின்றேன். இறங்கி வந்து அவனிடமும் "உன் பக்கம்தான் நியாயம்" என்றேன். இரண்டு இடத்திலும் மனதாரத்தான் சொன்னேன். அவன் வீட்டில் சாமைச் சோறு.

17 பிப்ரவரி
கெட்டது காரியம். சமாதானம் பேசுகிறவர் ஒரு வீட்டில்தான் சாப்பிடலாமாம். மற்ற வீட்டில் தண்ணீர்கூடத் தொடக்கூடாதாம். யார் கண்டது இந்த வழக்கத்தை? மலையேறினால் பசிக்காதா?

"ரெண்டு வூட்லயும் தின்னுட்டு இன்னா நியாயம் பேசறீங்க?" - செல்லியம்மாள் கதவைச் சாத்திவிட்டாள். கோபால்சாமியும் முகம் கொடுக்கவில்லை. ஐயோ, இனி அவள் திரும்பாவிட்டால் என்னாலதானே!

19 பிப்ரவரி, ஞாயிறு
வாணியம்பாடியிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். கதையைக் கேட்டதும் சிரிப்பு. "நீ சரியான தோருகா!"

அழுதுவிட்டேன். எங்கள் உருதுவில் அது வசவு. பாரசீகச் சொல்லாம், தோ என்றால் இரண்டு, ருக் என்றால் முகம். தமிழில் இரட்டை நாக்கு. தெலுங்கிலும் ரெண்டு நாலுகலு. எந்த மொழிக்காரனுக்கும் இரண்டு என்றால் ஆகாதா?

பிறகு மெல்லச் சொன்னார்: காஷ்மீரில் இருபுறமும் பூவேலை செய்த சால்வைக்கும் தோருகா என்றுதான் பெயராம். எந்தப் பக்கம் போர்த்தினாலும் நல்ல பக்கம்தான். "அதைத்தான் சொன்னேன்." பச்சைப் பொய். ஆனாலும் இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கிறது!

22 பிப்ரவரி
ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி கூப்பிட்டனுப்பினார். "ரெண்டு வூட்டு சோறு தின்னவங்க, ரெண்டு வூட்டுக்கும் ஒரே பந்தில சோறு போடணும் நர்சம்மா. அதான் தண்டம். வராதவங்களுக்கும் தண்டம் உண்டு." சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

26 பிப்ரவரி, ஞாயிறு
இவரே சமைத்தார். சோறு, எங்கள் பருப்புக் குழம்பு தால்ச்சா. எல்லோரும் வந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தும் இரண்டு பேரும் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, பட்டது போதும். திடீரென்று செல்லியம்மாள் புருஷன் இலையைக் காட்டி, "அதுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. வாயத் தொறந்து கேக்காது" என்றாள்.

கை கழுவப் போன இரண்டு பேரும் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். கோபால்சாமி வீட்டுக்கு இறங்கும் பாதையில் முன்னால் அவள், பின்னால் அவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போனால்தான் என்ன, கழுதைகள்!