வெட்டிப்போட்ட ஓரம்

சில்வியா அப்பாவுக்கு,

சாறு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. கேசட் விமர்சனம் வாங்கப் பத்திரிகை ஆள் மதியம் வருவாராம். மாயக்குதிரைப் படத்தோட கேசட்டைப் போட்டுப் பார்க்காமலே, தியேட்டர்ல பார்த்த ஞாபகத்துல "பிரமாதம்"னு எழுதியிருக்கீங்க. நானும் சில்வியாவும் பார்த்தோம். ராணி கத்தும்போது ராஜா ஓரமா முதுகைக் காட்டிட்டு வாள் தீட்டிட்டிருப்பாரே, அகலமான படம் டி.வி.யில அடங்கணும்னு கேசட்ல அந்த ஓரத்தையே வெட்டிட்டாங்க. "ராணி ஏம்மா சும்மா சும்மா கத்துறாங்க?"ன்னு சில்வியா கேக்குறா.

டூட்டிக்குக் கிளம்பிட்டேன்.

ஐவி

நீங்க எழுதினதைக் கிழிச்சுட்டேன். அவர் வர்றதுக்குள்ள பார்த்துட்டு வேற எழுதுங்க.

இன்னொண்ணு. நேத்து நான் கத்தினப்போ நீங்க பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுட்டு உட்கார்ந்திருந்தீங்க. சில்வியா உள்ரூம்ல இருந்தா. அவளுக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்டுது.