பிளக்கைப் பிடுங்கியது நீ இல்லை

சுங்கை பினாங்,
தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு

அன்பு மகன் கார்த்திகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கை சுபாஷினி மூவரும் சுகம். அடிலெய்டில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், நீயும் உடம்பைக் கவனித்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். மற்ற சேதிகளுக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குணாளனின் புது ராப் ஆல்பம் போன வாரம் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதில் உன் பெயர் ஒரே ஒரு பாட்டில் வருகிறது, ஒன்பதாவது பாட்டில். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் அன்று பிளக்கைப் பிடுங்கியது நீ இல்லை என்று அவனே தன் குரலில் சொல்லியிருக்கிறான். முதலில் கேட்டுச் சொன்னவள் சுபாஷினி. பிறகு நானும் கேட்டேன். அதற்கும் பிறகு கீழ் மாடிக்கு இறங்கிப்போய் குணாளனின் அம்மா மீனாட்சி அக்காவிடம் நேரில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். ஆகவே பதறாமல் மீதியைப் படி.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று கேட்பாய். யாரோ ஒரு சொந்தக்காரர் அந்தப் பழைய பாட்டைக் குடும்பக் குழுவில் போட்ட அன்றே நீ வாட்ஸ்அப்பை விட்டு வெளியேறினாய். ஃபோனில் குணாளன் பேச்சை எடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தாய், நானும் எடுக்கவில்லை. என்னோடு பத்திரிகையில் படம் பிடித்த அப்துல் காதர் மகளைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதையும் ஒரு பை முறுக்கையும் கறித்தூளையும் கொடுத்தனுப்புகிறேன். நெத்திலி சம்பலும் வைப்பேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள், ஏர்போர்ட்டில் எடுத்துக் குப்பையில் போடுவார்கள் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஃபோன் பண்ணும்போது நீயும் என் பக்கம் பேசு. ஆல்பம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. பெயர் 'இன்னும் முடியல' என்று வைத்திருந்தான். பாசாரில் மீன் வாங்கப் போன இடத்தில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்தாள். "அந்தப் பய இன்னும் முடியலங்கிறான். நம்ப புள்ளய ஊர விட்டே வெரட்டியாச்சு, இன்னும் என்னா பண்ணப் போறானாம்" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது, வாய்விட்டுக் கேட்கவில்லை.

நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவு வரும், தொழில் பழக்கம் விடாது. தேர் வருகிற நாள், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நம் அடுக்குமாடி இளைஞர்களின் பந்தல். சத்தத்துக்குப் பொறுப்பு நீ. தேர் வருவதற்குள் ஒரு பாட்டு பாடிக்கொள்கிறேன் என்று குணாளன் மைக்கைக் கேட்டான், அப்போது அவனை நம் மாடிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பக்திப் பாட்டு மட்டும்தான் என்று பந்தல் தலைவர் ராமதாஸ் சொல்லியிருந்தார். நீ வேண்டாம் என்றாய், அவன் கெஞ்சினான், ஒன்று மட்டும் என்று விட்டாய். பாட்டின் பாதியில் சத்தம் செத்துப்போனது. அவன் திரும்பிப் பார்த்தபோது நீ சுவிட்சுப் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாய். என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் கையை வைத்தேன் என்று அன்றே சொன்னாய். ஆனால் கூட்டம் சிரித்துவிட்டது, அந்தச் சிரிப்பை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டாக்கிவிட்டான். உன் பெயர், நம் மாடி எண், பந்தல், கோயில் ஆட்கள் என்று ஒருவரையும் விடவில்லை. கோயில் பக்கத்தில் கொதித்துப்போய்ப் புகார் கொடுத்தார்கள், இரண்டு மூன்று மேடைகளில் அவன் நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள், அதனாலேயே பாட்டு இன்னும் வேகமாகப் பரவியது. அவன் குணா கிலாட் ஆனான், மலாயில் மின்னல் என்று பட்டம். நீ 'பிளக்கு' ஆனாய். தொழிற்சாலையில் உன் மேசை மேல் யாரோ பிளக்குகளை மாலையாகக் கட்டி வைத்ததும், பாகான் டாலாமில் பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பெண்ணின் தம்பி அந்தப் பாட்டை முணுமுணுத்ததும், நீ காப்பியைக் குடிக்காமல் எழுந்ததும் எனக்கு மறக்கவில்லை. அப்பாவாக உன் வார்த்தையை அன்றைக்கே நம்பினேன். வெளியே நாலு பேரிடம் நிரூபிப்பதற்கு உன் வார்த்தையைத் தவிர இரண்டாவது சாட்சி என்னிடம் இல்லை, அதுதான் இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்தது.

இப்போது சுபாஷினியின் சமாச்சாரம். அவளுக்குக் கொரியப் பாப்பும் நம் ஊர்க் காதல் பாட்டும்தான் உலகம் என்பது உனக்குத் தெரியும். ராப் என்றாலே காதைப் பொத்திக்கொள்வாள். புதுப் பாட்டுகளைப் பற்றித் தன் இணையப் பக்கத்தில் இரண்டு நிமிஷம் பேசிப் போடுகிறாள், பார்ப்பதற்கு ஓரளவு ஆள் சேர்ந்திருக்கிறது. இந்த ஆல்பத்தைப் பற்றியும் சொல்லு என்று கேட்டார்களாம், கேட்டவர்களில் பாதிப் பேர் அவள் உன் தங்கை என்று தெரிந்து வம்புக்குக் கேட்டவர்கள். வேண்டாம் என்று அம்மா அழாத குறை. அவளோ, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுவேன், இல்லன்னா இல்லன்னு சொல்லுவேன், அண்ணனுக்காக ஒரு மார்க் கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அம்மாவும் கூடத்தில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவள் முகம் சிவந்திருந்தது. அம்மா உடனே "என்னா சொல்லிட்டான்" என்று எழுந்துவிட்டாள். சுபாஷினி ஃபோனை என் கையில் கொடுத்து ஒன்பதாவது பாட்டைப் போட்டாள்.

அந்தப் பாட்டு வழக்கம்போல் என்னை யாரால் நிறுத்த முடியும் என்ற வீராப்பில்தான் தொடங்குகிறது. நடுவில், ஒரு சொல்லின் பாதியில், டப்பென்று நின்றுபோகிறது. ஃபோன்தான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு தூரத்தில் மீனாட்சி அக்காவின் குரல் கேட்கிறது: "ஐயோ, திரும்பவும் நின்னுடுச்சா? இந்தச் சனியன் பந்தல்லயும் இப்படித்தான் பண்ணுச்சு." அதற்குப் பிறகு மேளமும் இல்லை, தாளமும் இல்லை. குணாளன் மெதுவாகப் பேசுகிறான். கார்த்தி தொடல, தொட்டது எங்கம்மா, மைலோவுக்குத் தண்ணி கொதிக்க வச்சாங்க, நான் ஊரையே கொதிக்க வச்சேன் என்கிறான். முடிவில் மன்னிப்பு என்ற சொல் இல்லை, அதை எதிர்பார்த்தேன், வரவில்லை. 'அன்னிக்கு நீ மைக் குடுத்த, அத நான் எந்தப் பாட்டுலயும் சொல்லல' என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அம்மா இரண்டாம் முறை போடச் சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள், கழுவுவதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் மீனாட்சி அக்கா வீட்டுக்குப் போனேன். குணாளன் இல்லை, அக்காதான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கூச்சப்பட்டார், ஆனால் எதையும் மறைக்கவில்லை. இந்த ஆல்பத்தை அவன் தன் அறையில் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திப் பதிவு செய்திருக்கிறான். ஒரு நாள் அவர் பிரார்த்தனைக்கு ஆள் வருகிறார்கள் என்று அந்தப் பெரிய பாய்லரை, பந்தலுக்குக் கொண்டுவந்த அதே பாய்லரை, செருகியதும் வீடு முழுவதும் கரண்ட் போய்விட்டது. பாட்டில் நாம் கேட்கிற சத்தம் அதுதான், அவன் வேண்டுமென்றே அழிக்காமல் விட்டிருக்கிறான். பந்தலிலும் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்த வயரிலேயே இதைச் செருகியிருக்கிறார். எல்லாம் நின்றதும் பயந்துபோய்க் கழற்றி, சேலைத் தலைப்பால் மூடி, பானக்கம் ஊற்றப் போய்விட்டாராம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணே. அதுக்குள்ள பாட்டு ஹிட் ஆயிடுச்சு. ஊரெல்லாம் பாடுறாங்க, இவனும் மொத தடவையா வூட்டுல சிரிச்சிக்கிட்டு இருக்கான். அந்த நேரத்துல போயி, டேய் அது பாய்லர்றான்னு எப்படி அண்ணே சொல்றது?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை, உங்கள் மகன் சிரித்தான், என் மகன் ஊரை விட்டுப் போனான் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மைலோ போடவா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இரண்டு பேராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

சுபாஷினி தன் கருத்தை அன்றே போட்டுவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன், நீ அவளிடம் கேட்டால் கூட்டிச் சொல்வாள். நாலு பாட்டு நல்லா இருக்கு. மூணு பாட்டு காரப் பத்தி, காரு வாங்குனா ஓட்ட வேண்டியதுதானே, எதுக்குப் பாடணும். ரெண்டு பாட்டுல ஊர்ல எல்லாரையும் திட்டியிருக்காரு, கேட்டுக் கேட்டுப் பழகிப் போச்சு. நான் பாப்பு கேக்குறவ, எனக்குக் கூடவே பாடறதுக்குக் கோரஸ் வேணும். ஒம்பதாவது பாட்டுல பாடறதுக்கு ஒண்ணும் இல்ல, பாதியிலயே நின்னு போவுது, ஆனா அதத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்க அண்ணனுக்கு இது முன்னாடியே வந்திருக்கணும், அதுக்கு ஒரு மார்க் கொறச்சிட்டேன். அதைக் கேட்டு அவனுடைய ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள். பாப்பு கேட்கிற பொண்ணுக்கு ராப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவன், பிளக்குத் தங்கச்சி கரண்ட் இல்லாமப் பேசுது என்று இன்னொருவன். சுபாஷினி அசரவில்லை. மாலையில் குணாளனே அதன் கீழே "கார் மேட்டர் சரிதான்லா. மார்க் கொறச்சதும் சரிதான்" என்று எழுதினான், அத்தோடு கூச்சல் பாதி அடங்கியது. நேற்று பாசாரில் மீன்காரர் அம்மாவிடம் உன்னைப் பற்றி விசாரித்தாராம். கார்த்திகன் எப்படி இருக்கிறான் என்று முழுப் பெயரைச் சொல்லி விசாரித்தார் என்று அம்மா வந்து சொன்னாள். அம்மா இப்போது படுத்தவுடன் தூங்குகிறாள். எனக்கும் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருக்கிறது. குணாளனை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், அது உன்னுடைய வேலை, அவசரமும் இல்லை.

நீ அங்கே வேலைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ. ரொட்டியையே மூன்று வேளையும் சாப்பிடாதே, அப்துல் காதர் கொண்டுவருகிற கறித்தூளை ஈரம் படாமல் வை. வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்காதே. தண்ணீர்மலையான் உன்னைக் கைவிடமாட்டான் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனத்தோடும் இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும்.

இனி முடியாமல் இருப்பவை. பழைய பாட்டை எடுத்துவிடச் சொல்லி வெளியீட்டு நிறுவனத்துக்கு எழுதியிருப்பதாக குணாளன் ஃபோனில் சொன்னான், அடுத்த மாதக் கடைசிக்குள் ஆகும் என்கிறான். இது அவன் சொன்னது மட்டும், நான் கண்ணால் பார்த்த பிறகு உனக்கு உறுதியாகச் சொல்கிறேன். மற்றவர்கள் எடுத்துப் போட்ட பிரதிகள் எப்படியும் கிடக்கும். உன் ஃபோன் நம்பரைக் கேட்டான், உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுது. தைப்பூசப் பந்தலுக்கு இந்த முறை இரண்டு ஜெனரேட்டர், ஒன்று ஸ்பீக்கருக்கு, ஒன்று பாய்லருக்கு. மீனாட்சி அக்கா எந்த வயரையும் தொடக் கூடாது என்பதுதான் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டி ஏற்ற முதல் முடிவு, அவரே எழுந்து அதை முன்மொழிந்தார். ஆட்களின் பெயரை எல்லாம் எழுதிவிட்டார்கள். சத்தத்துக்குப் பொறுப்பு என்ற இடத்தை மட்டும் ராமதாஸ் காலியாக வைத்திருக்கிறார், மார்கழி முதல் ஞாயிறு வரை வைத்திருப்பாராம்.

இப்படிக்கு உன் அப்பா,
சிவநேசன்